தானாக எதையும் செய்யாத நிரல்

இணைய முகவரியின் தொடக்கத்தில், முக்காற்புள்ளிக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளை இன்று யாரும் கவனிப்பதில்லை. எச்.டி.டி.பி.எஸ். என்பதைத் தட்டச்சு செய்யும் வேலைகூட நமக்கு இல்லை, பிரவுசரே போட்டுக்கொள்கிறது. ஆனால் எதிர்முனைக் கம்ப்யூட்டரோடு எந்த நெறிமுறையில் (புரோட்டோகாலில்) பேசுவது என்பதை அந்தச் சில எழுத்துகள்தான் முடிவு செய்கின்றன.

1990-களின் நடுவில் அங்கே பல பெயர்கள் நின்றன. கோப்புகளை அனுப்ப எஃப்.டி.பி.; அதன் முதல் வரையறையை 1971-இல் எம்.ஐ.டி.யில் இருந்து எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர். மெனுக்களாக விரியும் கோஃபர், 1991-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிறந்தது. செய்திக் குழுக்களுக்கு என்.என்.டி.பி. இந்தக் கூட்டத்தில் டிம் பெர்னர்ஸ்-லீயின் எச்.டி.டி.பி.யும் ஒன்று, அவ்வளவுதான். 1994 டிசம்பரில் யு.ஆர்.எல்., அதாவது இணைய முகவரிக்கான தர ஆவணம் வெளிவந்தபோது, எழுதிய மூவரில் பெர்னர்ஸ்-லீயும் இருந்தார், கோஃபர் அணியின் மார்க் மெக்காஹிலும் இருந்தார். போட்டி நெறிமுறைக்காரர்கள் இருவரும் ஒரே ஆவணத்தில் கையெழுத்திட்ட மாதிரி.

இத்தனை முறைகளையும் ஒரு புரோகிராம் எப்படிச் சமாளிப்பது? பெர்ல் மொழிக்காரர்கள் இதற்குக் கண்ட விடை, எல்.டபிள்யூ.பி. என்ற லைப்ரரி. கிஸ்லே ஆஸ், மார்ட்டைன் கோஸ்டர் போன்றவர்கள் உருவாக்கியது. (தேடுபொறிகளின் ரோபோக்களுக்கு வரம்பு சொல்லும் ரோபோட்ஸ் கோப்பை 1994-இல் முன்மொழிந்தவரும் இதே கோஸ்டர்தான்.) அந்த லைப்ரரியின் நடுவில் ‘புரோட்டோகால்’ என்றொரு பேஸ் கிளாஸ் இருக்கிறது. பேஸ் கிளாஸ் என்றால், மற்ற வகுப்புகள் வாரிசாகப் பெற்றுக்கொள்ளும் பொது அடித்தளம்.

திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கோரிக்கையை அனுப்பிப் பதில் வாங்க வேண்டிய முக்கியமான ஃபங்ஷனில் வேலை என்று எதுவுமே கிடையாது. நேரடியாக அழைத்தால், ‘இதை வாரிசு வகுப்பு எழுதியிருக்க வேண்டும்’ என்று குற்றம் சொல்லி நின்றுவிடும். வேலையெல்லாம் பிள்ளைகள் தலையில். இன்னொரு ஃபங்ஷன், முகவரியின் முதல் எழுத்துகளை எடுத்து, அதே பெயரில் ஒரு வகுப்பு இருக்கிறதா என்று தேடும். இருந்தால் அதனிடம் ஒப்படைக்கும். இல்லாவிட்டால் 501, அதாவது ‘அந்த வசதி இல்லை’ என்று பதில். புதிய நெறிமுறை வேண்டுமா? அந்தப் பெயரில் ஒரு கோப்பை எழுதி உரிய இடத்தில் வைத்தால் போதும். பழைய லைப்ரரியில் ஒரு வரியையும் தொட வேண்டாம்.

ஆனால் ஒரு விஷயத்தில் கண்டிப்பு உண்டு. எந்த நெறிமுறையானாலும் பதில் எச்.டி.டி.பி. வடிவத்தில்தான் திரும்ப வேண்டும். உங்கள் சொந்த ஹார்டு டிஸ்க்கில் இல்லாத கோப்பைக் கேளுங்கள்: 404 வரும், இணையத்தையே தொடாத வேலைக்கு இணையத்தின் எண்! படிக்க அனுமதி இல்லாத கோப்பென்றால் 403. ஃபோல்டரைக் கேட்டால் அதிலுள்ள பெயர்களை எச்.டி.எம்.எல். பக்கமாகக் கட்டித் தரும். மின்னஞ்சல் முகவரிக்கு ஒன்றை அனுப்பினால் 202, ‘ஏற்றுக்கொள்ளப்பட்டது’. உண்மையில் அது போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை. அழைக்கும் புரோகிராமுக்கு இந்த வேறுபாடுகள் எதுவும் தெரிய வேண்டியதில்லை. என் பார்வையில் இந்த வடிவமைப்பின் உண்மையான சாமர்த்தியம் இதுதான்.

வந்து சேரும் தரவை மெமரியில் வைப்பதா, கோப்பில் எழுதுவதா, துண்டு துண்டாகப் புரோகிராமிடமே கொடுப்பதா என்ற பொது வேலையை மட்டும் பேஸ் கிளாஸ் தானே பார்த்துக்கொள்கிறது. அளவு வரம்பைத் தாண்டினால் பாதியில் நிறுத்தி, நிறுத்திய காரணத்தையும் பதிலிலேயே குறித்துவிடும்.

எல்லாம் இந்த அச்சில் அடங்கிவிடாது. ஒரு கேள்வி, ஒரு பதில் என்பதுதான் அதன் கணக்கு. அரட்டைச் செயலிகள் பயன்படுத்தும் வெப்சாக்கெட்டில் இரு பக்கமும் நினைத்தபோது பேசும்; அதை இங்கே திணிப்பது கஷ்டம்.

காலம் மாறிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் 2021-இல் எஃப்.டி.பி.யைக் கைவிட்டன. எல்.டபிள்யூ.பி.யில் கோஃபருக்கான வகுப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. சுமை இல்லை, யாரும் கேட்காதவரை அது ஏற்றப்படுவதே இல்லை.

ஆபத்து இருப்பது வேறு இடத்தில். வெளியார் தரும் முகவரியை உங்கள் சர்வர் திறக்கிறது என்று வையுங்கள். ‘ஃபைல்’ என்று தொடங்கும் முகவரியை ஒருவர் கொடுத்தால், சர்வரின் சொந்தக் கோப்பே வெளியே போகலாம். இதற்காகவே எல்.டபிள்யூ.பி.யில் ‘நோகோ’ என்ற வாரிசு உண்டு. எதைக் கேட்டாலும் மறுப்பது மட்டுமே அதன் வேலை. எந்த மொழியில் எழுதினாலும் சரி, எச்.டி.டி.பி., எச்.டி.டி.பி.எஸ். இரண்டை மட்டும் அனுமதித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுங்கள்.