தமிழ் இணையக் கற்றலில் அசைவூட்டச் செருகுநிரல்களின் நிறைகளும் குறைகளும்: தருமபுரி மாவட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உலாவியோடு இணைக்கப்பெற்று அசையும் படத்தையும் ஒலியையும் இயக்கிய செருகுநிரல்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இணையக் கற்றலுக்குக் கைகொடுத்தன. அவற்றுள் பெரிதும் பரவிய ஃபிளாஷ் 2020 இறுதியில் நிறுத்தப்பட்டது. தமிழ் எழுத்துருச் சூழலில் அது ஆற்றிய பணி, அதனால் நேர்ந்த இழப்பு, எஞ்சியவற்றை மீட்கும் வழி ஆகியவற்றைத் தருமபுரி மாவட்டப் பள்ளிக் கல்விச் சூழலோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: செருகுநிரல், ஃபிளாஷ், அசைவூட்டம், ஒருங்குறி, வட்டெழுத்து, எண்ணிமப் பாதுகாப்பு

முன்னுரை

2018-19 கல்வியாண்டு முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த புதிய பாடநூல்களின் தனித்தன்மைகளுள் ஒன்று, பாட இறுதிகளில் அமைந்த இணையச் செயல்பாட்டுக் கட்டம் ஆகும். இணைய முகவரியும் கியூஆர் குறியீடும் தரப்பட்டு, மாணவர் செய்ய வேண்டிய படிநிலைகள் படங்களோடு அக்கட்டத்தில் விளக்கப்பட்டிருக்கும். அறிவியல் நூல்களில் இத்தகைய கட்டங்கள் சிலவற்றின் அடியில், தேவைப்படின் உலாவியில் ஃபிளாஷை அனுமதித்துக்கொள்ளுமாறு கூறும் சிறு குறிப்பும் உண்டு. அந்நூல்கள் மாணவர் கைக்கு வருவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே, அதாவது 2017 ஜூலை 25 அன்றே, 2020 இறுதியோடு ஃபிளாஷை நிறுத்திவிடப்போவதாக அடோபி நிறுவனம் அறிவித்துவிட்டது. அச்சுநூலின் ஆயுளும் அது சுட்டும் மென்பொருளின் ஆயுளும் ஒன்றல்ல என்பது இங்குக் கருதத்தக்கது.

இதன் விளைவு எல்லா மாவட்டங்களிலும் ஒரே அளவினதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. அக்கணக்கெடுப்பில் மாநில மாவட்டங்களுள் இதுவே மிகக் குறைந்த அளவாகும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிக் குழந்தைகளுக்குப் பாடநூலே முதன்மையான கற்றல் கருவி. நகர்ப்புற மாணவர் ஓர் இணைப்பு இயங்காவிடில் வேறொரு காணொலியைத் தேடிக்கொள்வார். கற்றல் கருவிகள் குறைந்த இடத்தில், இயங்காத இணைப்பு என்பது நடைபெறாத செய்முறையாகவே முடிகிறது.

செருகுநிரல் இயங்கிய முறை

தொடக்ககால உலாவிகள் எழுத்தையும் நிலைப்படத்தையும் மட்டுமே காட்டவல்லனவாக இருந்தன. பிறவகைக் கோப்புகளைத் திறக்க, வெளியார் எழுதிய சிறு நிரலை உலாவிக்குள் பொருத்தும் வசதி ஏற்படுத்தப்பட்டது. அதுவே செருகுநிரல். ஜாவா குறுநிரல்கள், ரியல் பிளேயர், குயிக்டைம், ஷாக்வேவ், சில்வர்லைட் எனப் பல இவ்வழியில் வந்தன. 1996-இல் ஃபியூச்சர்வேவ் என்னும் சிறு நிறுவனம் உருவாக்கிய அசைவூட்டக் கருவியை மேக்ரோமீடியா வாங்கி, ஃபிளாஷ் எனப் பெயரிட்டது. 2005 டிசம்பரில் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கிக்கொண்டது.

ஃபிளாஷின் வலிமை அதன் திசையன் வரைகலையில் இருந்தது. ஒவ்வொரு சட்டகத்தையும் படமாகச் சேமிக்காமல், கோடுகளின் வடிவத்தையும் அவை நகரும் பாதையையும் மட்டும் கணக்காகக் குறித்துவைப்பதே அம்முறை. 56 கிலோபிட் தொலைபேசி இணைப்பில் வினாடிக்கு ஏழு கிலோபைட்டுக்கு மேல் வந்துசேராது. அக்காலத்தில் காணொலி எட்டாக்கனி; ஆயின் சில பத்துக் கிலோபைட் அளவிலான ஃபிளாஷ் கோப்பு, முழுவதும் வந்துசேரும் முன்னரே ஓடத் தொடங்கிவிடும். மெதுவான இணைப்புக்கு ஏற்றது என்ற இந்தச் சிறப்பு பிற்காலத்தில் பெரிதும் மறக்கப்பட்டது.

எழுத்துருச் சிக்கலுக்கு ஒரு தற்காலிகத் தீர்வு

தமிழைப் பொறுத்தவரை ஃபிளாஷின் பயன் அசைவோடு நிற்கவில்லை. 1999-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தாம், தாப் ஆகிய குறியீட்டு முறைகள் தரப்படுத்தப்பட்டன. திஸ்கி ஒருபுறம் வழங்கியது. நாளிதழ்கள் பலவும் தமக்கெனத் தனி எழுத்துருக்களை வைத்திருந்தன. ஒரு தளத்தின் எழுத்துருவைத் தரவிறக்கி நிறுவாவிடில் அத்தளம் பொருளற்ற குறிகளின் வரிசையாகத் தோன்றும். தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துக் குறியீட்டு முறையையும் ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில்தான்.

இந்த இடைக்காலத்தில் ஃபிளாஷ் ஆக்கத்தில் தமிழ் எழுத்துகளை வெறும் வரைவடிவங்களாக மாற்றிக் கோப்புக்குள்ளேயே பதித்துவிட முடிந்தது. சிட்னியிலோ தருமபுரியிலோ பார்ப்பவர் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 2001 பிப்ரவரியில் தொடங்கப்பெற்று, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தன் மழலைக் கல்விப் பகுதியில் பாடல், கதை, உரையாடல், எண், எழுத்து ஆகியவற்றை அசைவும் ஒலியும் கலந்து தந்தது. அயலகத் தமிழ்க் குழந்தைகளை எண்ணி அமைக்கப்பெற்ற அத்தகைய பாடங்களின் தேவையும், எழுத்துருவை நாடாத ஊடகத்தின் வசதியும் ஒரே காலத்தில் சந்தித்தன எனலாம்.

எனினும் அத்தீர்வே பின்னர் பெருங்குறையாயிற்று. வரைவடிவமாக மாறிய ‘அ’ எழுத்தன்று, ஓவியம். அதைத் தேடுபொறி அறியாது. படியெடுத்து ஒட்ட இயலாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான் அதை வாசிக்காது. எழுத்தை எழுத்தாகவே வைக்க முயன்றோர்க்கும் இடர் இருந்தது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் ஒருங்குறியில் மெய்க்குப் பின் சேமிக்கப்பட்டு, திரையில் முன் தோன்ற வேண்டியவை. இவ்வகை வரிவடிவங்களை முறையாகக் கையாளும் எழுத்துப் பொறி 2008 அக்டோபரில் வெளிவந்த ஃபிளாஷ் பிளேயர் 10-இல்தான் சேர்ந்தது. அதற்குள் தமிழ் ஆக்குநர்கள் பழைய எழுத்துருக்களிலும் வரைவடிவங்களிலும் பெருந்தொகையாகப் பணிசெய்து முடித்திருந்தனர். அவ்வாக்கங்களில் உள்ள சொற்கள் இன்றைய தமிழ்த் தரவகங்கள் எவற்றிலும் சேரத்தக்க நிலையில் இல்லை. மொழியியல் ஆய்வாளர் இவ்விழப்பைப் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை.

அசைவு எங்கே பயன்படுகிறது

அசைவூட்டம் கற்றலை எப்போதும் மேம்படுத்தும் என்ற நம்பிக்கை ஐயத்திற்குரியது. பார்பரா ட்வெர்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட கட்டுரை, அசைவின் மேன்மையைக் காட்டியதாகக் கூறப்பட்ட ஆய்வுகள் பலவற்றில், அசைவூட்டத்தில் நிலைப்படத்தைவிடக் கூடுதலான தகவல் இருந்தது என்பதைச் சுட்டிக்காட்டியது. விரைந்து மறையும் அசைவைக் கண் பற்றிக்கொள்ள இயலாமையும் அதில் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. மாறாக, ஹோஃப்லர், லாய்ட்னர் இருவரும் 2007-இல் 26 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டு, அசைவூட்டத்திற்கு ஓரளவு மேன்மை உண்டு எனக் கண்டனர். அம்மேன்மை, கைவினை சார்ந்த செய்முறை அறிவில் மிகுதியாக இருந்தது. இரு முடிவுகளும் முரண்படுவனவாகத் தோன்றினும், எதைக் கற்பிக்கிறோம் என்பதே முதன்மை என்ற இடத்தில் இரண்டும் இணைகின்றன.

எழுத்து எழுதப் பழகுதல் கைவினை சார்ந்த அறிவே. ‘இ’ எங்கே தொடங்கி, எவ்வழியே சுழித்து, எங்கே முடிகிறது என்பதை அச்சில் அம்புக்குறியால் காட்டுவதைவிட அசைவால் காட்டுவது தெளிவு. தருமபுரி மாவட்டத்திற்கு இது தொடக்கப்பள்ளியோடு முடியும் செய்தியன்று. இம்மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. அவற்றுள் பழமையான பலவும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை. தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. கல்வெட்டியல் பயிலும் முதுகலை மாணவர் வட்டெழுத்தின் வளைவுகளைப் படியெடுப்பிலிருந்து கற்கும்போது, பகரம், வகரம் போன்றவற்றின் மயக்கத்தால் தடுமாறுவது இயல்பு. உளி சென்ற திசையை, வரிவடிவம் நூற்றாண்டுதோறும் மாறிய போக்கை அசைவாகக் காட்டினால் அத்தடுமாற்றம் பெரிதும் குறையும். நடுகல் ஒன்றின் வீரன் உருவத்தையே துள்ளவைத்து ஒலியோடு காட்டுவது பார்க்க இனிது. எழுத்தை வாசிக்க அதனால் ஒன்றும் கிட்டாது.

பயன் கருதாத அசைவுதான் ஃபிளாஷின் பெயரை முதலில் கெடுத்தது. தளத்தின் வாயிலில் அரை நிமிடம் ஓடும் முன்காட்சி, ஓயாது மின்னும் விளம்பரம், சொல்லாமல் ஒலிக்கும் இசை ஆகியன பலரும் அறிந்தவை. 2008 டிசம்பரில் உலகளாவிய வலை அமைப்பு வெளியிட்ட அணுகல்தன்மை வழிகாட்டுதல்கள், தானாகத் தொடங்கி ஐந்து வினாடிக்கு மேல் நீளும் அசைவை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்றும், ஒரு வினாடியில் மூன்று முறைக்கு மேல் மின்னுதல் கூடாது என்றும் வரையறுத்தன. பின்னதன் காரணம் வலிப்பு நோயர்க்கு நேரக்கூடிய தீங்கு.

வீழ்ச்சியும் அதன் காரணங்களும்

செருகுநிரல் உலாவிக்கு வெளியார் வைத்த கதவு. பாதுகாப்பு ஓட்டைகள் பெரும்பாலும் அக்கதவில்தான் கண்டறியப்பட்டன. 2007-இல் வந்த ஐபோன் ஃபிளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட திறந்த மடல் மின்கலச் செலவு, பாதுகாப்பு, ஒரு நிறுவனத்தின் தனியுடைமை ஆகியவற்றைக் காரணமாகக் கூறியது. மடலில் வணிக நோக்கமும் இருந்தது என்ற திறனாய்வு நியாயமானதே. 2011 நவம்பரில் கைப்பேசிகளுக்கான ஃபிளாஷ் வளர்ச்சியை அடோபி கைவிட்டது. கணினி வாங்காமல் நேரே திறன்பேசிக்கு வந்த ஊரகக் குடும்பங்களைப் பொறுத்தவரை ஃபிளாஷ் அன்றே முடிந்துவிட்டது. 2020 என்பது கணினி உடையோர்க்கான கணக்கு. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல் 5 பரிந்துரையாக நிலைபெற்றதும், காணொலியும் வரைதளமும் செருகுநிரல் இன்றியே உலாவிக்குள் அமைந்தன. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயர் கோப்புகளை இயக்க மறுத்தது. முன்னறிவிப்பு மூன்றாண்டுக்கு மேல் இருந்தும், தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை தன் மின்தாக்கல் படிவங்கள் சிலவற்றுக்காகத் தனி உலாவி ஒன்றை வெளியிட வேண்டிய நிலைக்கு ஆளாயிற்று.

பாடநூல் இணைப்புகளிலும் இருவகை முடிவுகளைக் காணலாம். கணிதச் செயல்பாடுகளுக்குப் பெரிதும் பயன்பட்ட ஜியோஜீப்ரா முதலில் ஜாவாவில் இயங்கியது; பின்னர் எச்டிஎம்எல் 5-க்கு மாறிக்கொண்டது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் திட்டம் ஜாவாவிலும் ஃபிளாஷிலும் இருந்த தன் பாவிப்புகளைப் படிப்படியாக மாற்றி எழுதியது. அவற்றுள் சில தமிழிலும் கிடைக்கின்றன. பொருளுதவியும் ஆள்வலிமையும் தொடர்ந்து இருந்த திட்டங்கள் இவ்வாறு தப்பின. ஒரு முறை நிதி பெற்று, குறுந்தகடாக வெளியிடப்பட்டு, ஆக்கியோர் கலைந்துபோன தமிழ்ப் பல்லூடக ஆக்கங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

மீட்புக்கான வழிகள்

ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரஃபிள் என்னும் திறமூலப் போலச்செய்நிரல், செருகுநிரல் இன்றி உலாவிக்குள்ளேயே பழைய ஃபிளாஷ் கோப்புகளை இயக்குகிறது. இணைய ஆவணகம் 2020 நவம்பர் முதல் இதைக் கொண்டு ஃபிளாஷ் ஆக்கங்களைக் காட்சிப்படுத்திவருகிறது. பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் பதிப்புகளில் அமைந்தவை இதில் நன்கு இயங்குகின்றன. மூன்றாம் பதிப்பில் எழுதப்பட்ட சிக்கலான ஆக்கங்களில் இடர்கள் உண்டு. எளிய எழுத்து அசைவூட்டம், பாடல் காட்சி போன்றவை பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்தவை என்பது தமிழுக்குச் சாதகமானது.

திரைப்பதிவாகக் காணொலிக்கு மாற்றுவது எளிய வழியாகத் தோன்றும். அதில் அசைவும் ஒலியும் எஞ்சும். சொடுக்கினால் விடைதரும் தன்மை மறையும். கோப்பின் அளவும் பன்மடங்கு பெருகும். குறைந்த அலைவரிசையுள்ள மலைக்கிராமப் பள்ளிக்கு இம்மாற்றம் உதவியாகாது. இயலும் இடங்களில் மூலக் கோப்பையே காப்பதும், அதனோடு அதிலுள்ள தமிழ் உரையை ஒருங்குறியில் தனியே தட்டெழுதி இணைப்பதும் தக்கது. பின்னது கல்லூரித் தமிழ்த் துறைகள் மாணவர் திட்டப்பணியாகவே மேற்கொள்ளத்தக்க அளவினது.

குறுந்தகடுகளைப் பொறுத்தவரை காலம் குறைவு. பள்ளி, கல்லூரி நூலகங்களின் அலமாரிகளில் நூலோடு ஒட்டிய உறைகளில் கிடக்கும் தகடுகள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் நாளுக்குநாள் சிதைகின்றன. அவற்றைப் படிக்கும் இயக்கி புதிய மடிக்கணினிகளில் பெரும்பாலும் இல்லை. நூலகப் பட்டியல்களில் இவை தனிப் பதிவு பெறாமல் ‘இணைப்புடன்’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுவதும் உண்டு. ஆக்கியோர், ஆண்டு, பயன்படுத்திய எழுத்துரு, கோப்பின் வகை ஆகிய நான்கையேனும் குறித்து, தகட்டின் முழுப் படியை நிலைவட்டில் எடுத்துவைத்தால், ரஃபிள் போன்ற நிரல்கள் மேம்படுந்தோறும் அவற்றைத் திறந்து பார்க்க இயலும்.