கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள்

ஹைதராபாத் கொண்டாப்பூரில் கணிப்பொறி முன் முதுகொடியும் தமிழருக்கு ஒரு வாரம் விடுப்பு கிடைத்தால், ஜப்பானியக் கடலோர வெந்நீர் விடுதி கனவில் வரலாம். பாய் விரித்த அறை, பருத்தி அங்கி, இரவுச் சாப்பாட்டில் அன்று பிடித்த மீன், கடலைப் பார்த்தபடி கழுத்தளவு வெந்நீர். ஷிராஹாமாவில் பசிபிக் அலை தெறிக்கும் பாறைகளுக்கு நடுவிலேயே குளிக்கலாம். 658இல் ஒரு பேரரசி இவ்வட்டாரத்து ஊற்றுகளுக்கு வந்து தங்கியதைப் பழைய வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது.

செலவை எண்ணித் தயங்குபவருக்குத் தமிழ் பேசும் மண்ணிலேயே ஒரு மாற்று உண்டு: இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள திருகோணமலை. சம்பந்தர் பாடிய கோணேசர் கோயில் கொண்ட ஊர். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கடற்கரை விடுதியில் தங்கி, விடிந்ததும் ஆட்டோ பிடித்தால் கன்னியா. நகரிலிருந்து சுமார் 8 கி.மீ.

சதுரமாகக் கட்டிய ஏழு சிறு கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு சற்று வேறு. இறங்கி ஊறும் வசதி இல்லை. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஜப்பானியருக்கு இது பாதிக் குளியல். உடம்பைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அங்கே தொட்டியில் இறங்குவார்கள்.

கன்னியாவின் சூட்டுக்கு எரிமலை காரணமல்ல. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. ஊர்க் கதை வேறு: தாய்க்கு இறுதிக் கடன் கழிக்க வந்த இராவணனுக்காகப் பீறிட்ட நீராம் இது.

அந்தக் கதையை நம்பித்தான் ஈழத் தமிழர் இங்கே இறந்தோருக்கான கடன்களைச் செய்து வந்திருக்கிறார்கள். ஜப்பானிய விடுதியில் அங்கியின் இடப்பக்கம் மேலே வரும்படி உடுத்த வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. குளிப்பவரையும் இறந்தவரையும் அங்கே ஒரு துணி மடிப்பு பிரித்து வைக்கிறது. கன்னியாவில் உல்லாசத்துக்கும் துக்கத்துக்கும் ஒரே கிணற்றடிதான்.

2009இல் போர் முடிந்தபின் தென்னிலங்கைப் பயணிகளும் பேருந்துகளில் வந்து குவியத் தொடங்கினர். கூடவே சச்சரவும் வந்தது. இங்கே பௌத்த எச்சங்கள் இருப்பதாகத் தொல்லியல் துறை சொல்ல, பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் பௌத்தக் கட்டுமானம் எழுப்பப் பார்க்கிறார்கள் என்று தமிழர்கள் கொதித்தனர். 2019 ஜூலையில் போராட்டம் நடந்தது; வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. குளிக்கும் தண்ணீருக்கும் வரலாற்றுச் சான்று கேட்கும் காலம் இது.

போகிறவர்கள் மாற்றுத்துணி எடுத்துச் செல்வது நல்லது. வெயில் ஏறினால் வெந்நீர் சுகம் தராது, கூட்டமும் சேர்ந்துவிடும். அடுத்த கிணற்றில் ஈர வேட்டியோடு ஒருவர் பேசாமல் நீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தால், வாளிக்கு அவசரப்பட வேண்டாம். அவர் ஓய்வெடுக்க வந்தவராக இல்லாமலிருக்கலாம்.