சி ஜெயிக்குமா, பைத்தான் ஜெயிக்குமா?

குட்டி நண்பர்களே, ஆடித்தபசு பார்க்கச் சங்கரன்கோவிலுக்குப் போயிருக்கிறீர்களா? சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சண்டை போட்டார்களாம். கோமதி அம்மன் தவம் இருக்க, இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் காட்சி தந்தார் என்கிறது அவ்வூர்த் தலபுராணம்.

தமிழ் தெரியாத வடநாட்டுக்காரர் ஒருவர் இந்தக் கதையைக் கேட்கிறார் என்று வையுங்கள். நீங்கள் வரிவரியாகச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் இந்தியில் சொல்லலாம். அல்லது கதை முழுவதையும் முன்பே இந்தியில் எழுதிக் கொடுத்துவிடலாம். எழுதத்தான் நேரமாகும்; பிறகு அவர் மளமளவென்று படித்துவிடுவார்.

கம்ப்யூட்டரிலும் இதே கதைதான்! அதற்குப் புரிவது 0, 1 ஆகியவற்றால் ஆன கட்டளைகள் மட்டுமே. 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய 'சி' மொழியில் நாம் எழுதும் புரோகிராமை, 'கம்பைலர்' முழுவதுமாக முன்பே மொழிபெயர்த்துவிடும். 1991-ல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட 'பைத்தான்' மொழியிலோ, புரோகிராம் ஓடும்போதுதான் 'இன்டர்பிரெட்டர்' ஒவ்வொரு கட்டளையாகப் பார்த்து நிறைவேற்றும். ஒரே கம்ப்யூட்டரில், 1 முதல் 100 கோடி வரை ஒவ்வொரு எண்ணாகக் கூட்டச் சொன்னால், சி பல மடங்கு முந்திவிடும்.

தமிழிலேயே கட்டளை எழுதவும் ஒரு மொழி உண்டு, தெரியுமா? அதன் பெயர் 'எழில்'. உருவாக்கியவர் முத்து அண்ணாமலை. 'பதிப்பி' என்று எழுதினால், சொன்னதைத் திரையில் காட்டும். எழிலின் இன்டர்பிரெட்டரே பைத்தானில் எழுதப்பட்டது. அதாவது, நடுவில் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள்! அதனால் பைத்தானைவிடவும் மெதுவாக ஓடும். ஆனால், ஆங்கிலம் வராதே என்று தயங்கும் பிள்ளையும் இன்றே புரோகிராம் எழுதத் தொடங்கலாம். அது சின்ன லாபமா?

சரி, சி-தான் எப்போதும் ஜெயிக்குமா? அதுதான் இல்லை! கடைசி எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி, 2-ஆல் வகுத்தாலும் அதே கூட்டுத்தொகை வரும். 1 முதல் 10 வரை என்றால், 10 × 11 ÷ 2 = 55. கூட்டிப் பாருங்கள், சரிதானே? இந்த வழியைப் பைத்தானில் எழுதினால், 100 கோடி எண்களையும் ஒவ்வொன்றாகக் கூட்டும் சி-யை அது எளிதில் முந்திவிடும்.

ஆகவே, எந்த மொழி பெரியது என்று சங்கனும் பதுமனும் போலச் சண்டை வேண்டாம். மொழிக்கு ஒரு வேகம் உண்டு. நீங்கள் யோசிக்கும் வழிக்கு அதைவிடப் பெரிய வேகம் உண்டு. 1 முதல் 100 வரை கூட்டினால் எவ்வளவு? பேப்பர், பென்சில் இல்லாமலே சொல்லுங்கள் பார்ப்போம்!