புல்லுக்கும் குடிநீரா?

பெங்களூரு மேட்டு நிலத்தில் இருக்கிறது. அங்கே காவிரித் தண்ணீர் சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து குழாயில் வருகிறது. மோட்டார் வைத்துத்தான் மேலே ஏற்றுகிறார்கள். 2024 மார்ச் மாதம் அந்த ஊரில் கடும் தண்ணீர்ப் பஞ்சம். ஆழ்குழாய்க் கிணறுகள் பல வற்றிப்போயின. மக்கள் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றக் கூடாது என்று குடிநீர் வாரியம் தடை போட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம்! நியாயம்தானே?

அப்படியானால் வீட்டு முன்னால் வளர்த்த புல் செத்துவிடுமா? அருகம்புல்லைப் பாருங்கள். வெயிலில் மேலே காய்ந்து பழுப்பாகும். அடியில் வேர் உயிரோடு இருக்கும். நல்ல மழை பெய்தால் மறுபடி துளிர்க்கும்.

கோடையில் புல்லை ஒட்ட வெட்டக் கூடாது. கொஞ்சம் உயரமாக விட்டால் அதன் நிழலே மண்ணின் ஈரத்தைக் காக்கும். தினமும் லேசாகத் தெளிப்பதும் தவறு. வேர் ஆழமாக இறங்காது. வாரம் இரண்டு முறை, விடியற்காலையில், மண் நன்றாக நனைய ஊற்றினால் போதும். அதற்கு அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரைச் சேர்த்து வைக்கலாம். வெட்டிய புல்லை மெல்லிசாக அங்கேயே பரப்பினால் மட்கி உரமாகும்.

ஜூனில் மழை தொடங்கியதும் மட்கிய சாண எருவைத் தூவ வேண்டும். தண்ணீர் தேங்காமல் வடிய வழி விட வேண்டும். சில வாரங்களில் தரை பச்சையாகிவிடும்.