ஆயா சொன்ன கதைகள்

சாப்பாட்டு வேளையில் உங்கள் குழந்தை இரண்டு வாயோடு எழுந்துவிட்டால் மனம் பதறுமல்லவா? சீனாவில் சென்ஜியாங் நகரில் குடியிருந்த அமெரிக்கப் பாதிரியார் வீட்டிலும் அதே கவலைதான். பெண்ணோ, சமையலறையில் வேலைக்காரர்களோடு உட்கார்ந்து முன்பே வயிறு நிறைய உண்டிருப்பாள்!

1892-ல் பிறந்து, கைக்குழந்தையாகச் சீனா வந்தவள் அவள். வாங் என்ற ஆயா, குழந்தையின் மஞ்சள் தலைமயிரைக் குல்லாவுக்குள் மறைத்துவிடுவாள். கறுப்பாக இருப்பதுதானே லட்சணம்! பிறகு கதைகள்: வீரன் காதுக்குள் ஒளித்து வைத்த குட்டிக் கத்தி, உருவினால் நீண்ட வாளாகுமாம்!

அந்தப் பெண்தான் 1938-ல் நோபல் பரிசு பெற்ற பெர்ல் பக். 1972-ல் சீனாவை மறுபடி காண ஏங்கினார், அநுமதி கிடைக்கவில்லை. மறு வருஷமே காலமானார். பென்ஸில்வேனியாவில் அவர் கல்லறையில் ஆங்கிலப் பெயரைக் காணோம். மூன்று சீன எழுத்துக்கள்தாம் இருக்கின்றன.