ஆபீஸுக்கு ஜாரா வந்த கதை!

பனியன் கம்பெனியில் மெஷின்களுக்கு ரிட்டயர்மென்ட் கிடையாது. ஓவர்லாக் மெஷினுக்கு மோட்டாரை மாத்து, பெல்ட்டை மாத்து, ஊசியை மாத்து... இருபது வருஷம் ஆனாலும் 'கடகட'வென்று தைத்துக்கொண்டே இருக்கும். ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை. அதற்கு அமெரிக்காவிலிருந்து நாள் குறித்தே அனுப்பிவிட்டார்கள் - 2025 அக்டோபர் 14!

அன்றோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றது. 2015 ஜூலையில் வந்த சரக்கு. பத்து வருஷம் உழைத்துவிட்டது. 'நின்றது' என்றால் கம்ப்யூட்டரே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. ஆன் பண்ணினால் ஆகும். டைப் அடித்தால் அடிக்கும். ஆனால், திருடன் புதுசாக ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தால் அடைக்க ஆள் வராது. கதவில் பூட்டு இருக்கும், பூட்டு ரிப்பேர்க்காரர் ஊரைக் காலி பண்ணியிருப்பார். தனி நபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு, கம்பெனிகள் காசு கட்டினால் மூன்று வருஷம் வரை நீட்டிப்பு என்று ஒரு பக்கவாட்டு வழியும் வைத்தார்கள்.

'விண்டோஸ் 11 போட்டுக்க வேண்டியதுதானே?' என்பீர்கள். அதற்கு ஜாதகம் பார்ப்பார்கள் சார்! இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்கணும். டி.பி.எம். 2.0 என்று ஒரு பாதுகாப்பு சமாசாரம் இருக்கணும். ராம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி. எங்கள் ஆபீஸின் மூன்று பழைய கம்ப்யூட்டர்களுக்கும் கடைசி இரண்டு பொருத்தம் அமோகம். முதல் இரண்டும் சுத்தமாக இல்லை. மூன்றுமே நாலாம் தலைமுறை ஐ3. கல்யாணம் நடக்காது என்று ஜோசியர் கைவிரித்துவிட்டார்.

எங்கள் ஆபீஸ் என்று நான் சொல்வது பொங்கலூரில் ஒரு ஜாப் ஒர்க் யூனிட். திருச்சி ரோட்டில் பல்லடம் தாண்டி வந்தால், நாலு பக்கமும் தறிச் சத்தமும் கோழிப்பண்ணையும் இருக்கிற ஊர். திருப்பூர் கம்பெனிகளிலிருந்து கட்டிங் பீஸ் வரும். தைத்து, செக்கிங் பண்ணி, மடித்து, பெட்டி கட்டி அனுப்புவோம். அக்கவுண்ட்ஸ், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., இ-வே பில், ஏசி மெக்கானிக்குக்கு போன் போடுவது எல்லாம் அடியேன் டிபார்ட்மென்ட்.

2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியது ஞாபகம் இருக்கும். திருப்பூருக்குத் தும்மல் வந்தால் பொங்கலூருக்குக் காய்ச்சல். ராத்திரி ஷிப்ட்டை நிறுத்தியிருந்த நேரம். அந்த நேரம் பார்த்து நான் முதலாளியிடம் போய், 'அண்ணா, மூணு கம்ப்யூட்டர் மாத்தணுங்க, லட்ச ரூபாய் பக்கம் ஆகுங்க' என்றேன்.

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏந்தம்பி, மெசினு நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுதுங்கண்ணா..."

"ஓடற மெசினை எதுக்கு மாத்தோணும்? அந்த ஒரு லட்சத்துக்கு நாலு பேருக்கு எத்தனை நாள் சம்பளம் போடலாம்னு கணக்குப் பாருங்க. நீங்கதானே அக்கவுண்டண்டு!"

பார்த்தேன். கணக்கு அவர் பக்கம்தான் நியாயமாக இருந்தது. அப்புறம்தான் லினக்ஸை வெள்ளோட்டம் விட்டுப் பார்க்க முடிவு பண்ணினேன்.

லினக்ஸ் என்றதும் 'அதெல்லாம் இன்ஜினீயரிங் பசங்க கறுப்புத் திரையில் என்னவோ தட்டுவாங்களே' என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் எழுத ஆரம்பித்தது. இன்றைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். அதாவது, பாக்கெட்டில் லினக்ஸை வைத்துக்கொண்டே 'லினக்ஸா, ஐயோ!' என்கிறோம்.

இதைக் கடைகளில் கிடைக்கிற மாதிரி முழுசாகத் தொகுத்துத் தருபவர்கள் பல பேர். நான் எடுத்தது லினக்ஸ் மின்ட். மின்ட் என்றால் புதினா. இதில் மூன்று வகை: சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. சின்னமன் என்றால் லவங்கப்பட்டை. மாட்டே என்பது தென் அமெரிக்காவில் குடிக்கிற ஒரு மூலிகை டீயின் பெயர். புதினா, பட்டை, டீ... கம்ப்யூட்டரா, பிரியாணிக் கடையா என்று சந்தேகமே வந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டருக்கு லேசானது எக்ஸ்எஃப்சிஇ. அதையே எடுத்தேன்.

இன்னொரு கூத்து. மின்ட்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெண் பெயர் வைப்பார்கள். 2025 செப்டம்பரில் வெளியாகி, அப்போதைக்குப் புத்தம் புதுசாக இருந்த 22.2 பதிப்பின் பெயர் - ஜாரா!

"அண்ணா, ஜாரா டவுன்லோடு ஆயிருச்சுங்க" என்றேன்.

ஸ்பெயின் நாட்டு ஜாரா துணிக்கடை திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியாதா? அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். "ஜாரா ஆர்டரா! எத்தனை பீஸ் தம்பி?"

விஷயத்தைச் சொன்னதும் உட்கார்ந்தார். "சரி, இதுக்கு எவ்வளவு?"

"ஓசிங்கண்ணா."

"ஓசிலே குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்?"

நியாயமான கேள்வி. பனியன் பாஷையில் பதில் சொன்னேன். "கடையில பனியன் வாங்கினா பனியன் மட்டும்தானுங்க வரும். இவங்க பனியனோட பேட்டர்ன், ஜிஎஸ்எம், தையல் விவரம் எல்லாத்தையும் சேர்த்துக் குடுத்தர்றாங்க. யார் வேணும்னாலும் வெட்டி, மாத்தி, வித்துக்கலாம். ஒரே கண்டிஷன், மாத்தி வித்தா அந்த பேட்டர்னையும் வாங்கினவனுக்குக் குடுத்தரணும்." லினக்ஸ் கெர்னலுக்கு இருக்கிற ஜி.பி.எல். என்ற உரிமத்தின் சாரம் இதுதான். 1993-ல் ஆரம்பித்த டெபியன் நூல் மாதிரி. அதை எடுத்து 2004-ல் உபுண்டு துணி நெய்தது. அந்தத் துணியை வெட்டித் தைத்து 2006-ல் மின்ட் வந்தது. நூற்பு, நிட்டிங், தையல் - எல்லாம் நம்ம ஊர் ஜாப் ஒர்க் சங்கிலிதான். செலவு? மின்ட் நன்கொடையிலும் ஸ்பான்சர்களிலும் ஓடுகிறது. கெர்னலுக்கு வேலை செய்கிற பலருக்குப் பெரிய பெரிய கம்பெனிகளே சம்பளம் போடுகின்றன. அந்தக் கம்பெனிகளின் சர்வர்களும் அதில்தானே ஓடுகின்றன!

இனி வெள்ளோட்டம். ஏறக்குறைய 3 ஜிபி ஃபைல். டவுன்லோடு பண்ணி, சரியாக இறங்கியதா என்று செக்சம் பார்த்து, பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்து ஸ்டார்ட் பண்ணினேன். இங்கேதான் ஒரு அருமையான வசதி. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல், பென் டிரைவிலேயே முழு சிஸ்டமும் ஓடும். பெண் பார்த்துவிட்டு பஜ்ஜி சாப்பிட்டு வருகிற மாதிரி. பிடிக்கவில்லையா, பென் டிரைவைப் பிடுங்கு. பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். வைஃபை எடுக்கிறதா, சவுண்டு வருகிறதா, பிரின்டர் அடிக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். மூன்று மெஷினிலும் மூன்று நாள் இப்படியே ஓட்டினேன்.

தேறியது எது? ஜி.எஸ்.டி., இ-வே பில், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., பேங்க், மெயில் - எல்லாம் பிரவுசர் வேலை. ஃபயர்பாக்ஸ் கூடவே வருகிறது. ஒரு சிக்கலும் இல்லை. லேசர் பிரின்டரை டிரைவர் சி.டி. இல்லாமலே கண்டுபிடித்துக்கொண்டது. சும்மா இருக்கும்போது ஒரு ஜிபிக்கும் குறைவான ராமே எடுத்தது. காலையில் ஆன் பண்ணிவிட்டு டீ குடித்து வருகிற பழக்கம் இருந்தது. இப்போது டீ வருவதற்குள் கம்ப்யூட்டர் தயார். பையர் ஆபீஸ், எம்பிராய்டரி, பிரின்டிங் யூனிட் என்று ஊர் சுற்றி வருகிற பென் டிரைவ்களில் விண்டோஸ் வைரஸ் இருந்தாலும் இங்கே அது பொதுவாக வாலாட்டாது.

தேறாதது? முதலில் டேலி. அது விண்டோஸுக்காகச் செய்த சாமான். 'வைன்' என்ற மென்பொருள் மூலம் சில விண்டோஸ் புரோகிராம்களை லினக்ஸில் ஓட்டலாம்தான். ஆனால், சம்பளக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் இருக்கிற இடத்தில் 'ஓடினாலும் ஓடும்' என்பதை நம்பி உட்கார முடியாது. இரண்டாவது, பாலிபேக்கில் ஒட்டுகிற பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கும் மென்பொருள். அதுவும் விண்டோஸ்தான். மூன்றாவது, எக்ஸெலில் மேக்ரோ போட்ட ஃபைல்கள். லிப்ரே ஆபீஸ் சாதாரண எக்ஸெல் ஃபைலைத் திறக்கும், சேவ் பண்ணும். மேக்ரோ என்றால் சிலது முரண்டு பிடிக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருப்பவர்கள் அதையும் முதலிலேயே சோதித்துவிடுவது நல்லது. டோக்கனுக்கு டோக்கன் டிரைவர் வேறு.

நாலாவது எதிர்ப்பு மென்பொருளில் இல்லை, பேக்கிங் லிஸ்ட் போடும் அக்காவிடம் இருந்தது. எட்டாவது படித்துவிட்டு செக்கிங் டேபிளில் சேர்ந்து, தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர். சைஸ் வாரி, கலர் வாரி, பெட்டி நம்பர் வாரி அவர் போடும் லிஸ்ட்டில் ஒரு பீஸ் தப்பாது.

"என்ற எக்ஸெல்லு எங்க சாமி போச்சு?" என்றார். குரலில் கோபத்தைவிட பயம்தான் அதிகம் தெரிந்தது. ஆட்களைக் குறைக்கிற சீசன். 'புது கம்ப்யூட்டர் தெரியலைன்னா நம்மளை அனுப்பிருவாங்களோ' என்ற கவலை. அது எனக்கு டேலியைவிடப் பெரிய பிரச்னையாகப் பட்டது.

ஆகவே, அவசரப்படவில்லை. அவர் மெஷினில் விண்டோஸையும் வைத்து, பக்கத்திலேயே மின்ட்டையும் போட்டு, ஆன் பண்ணும்போது எது வேண்டுமோ தேர்ந்தெடுக்கிற மாதிரி வைத்தோம். விண்டோஸ் பக்கம் போனால் இன்டர்நெட் கேபிளைக் கழற்றிவிட வேண்டும் என்பது மட்டும் விதி. லிப்ரே ஆபீஸில் அவருடைய பழைய ஃபைல்களையே திறந்து கொடுத்தேன். அதே கட்டம், அதே கூட்டல். முதல் வாரம் விண்டோஸ் பக்கமே போனார். இரண்டாம் வாரம் பாதிப் பாதி. அப்புறம் ஒருநாள் கேட்டபோது, "அந்தக் கேபிளைப் புடுங்கிச் சொருகறதுக்கு இதே தேவலைங்க சாமி" என்றார். இன்று ஷிஃப்ட் மாறி வரும் பிள்ளைகளுக்கு அவர்தான் சொல்லிக் கொடுக்கிறார்.

தமிழ் எப்படி? கீபோர்டு பட்டியலில் 'தமிழ்நெட் 99' தயாராக இருந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அதே விசைப்பலகை முறைதான். கேட் பாஸ், 'நாளை லீவு' நோட்டீஸ் எல்லாம் இப்போது யூனிகோடில். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய நோட்டீஸ்கள் மட்டும் கொட்டிய பட்டன் டப்பா மாதிரி தெரிந்தன. அந்த எழுத்துருவை இதிலும் போட்டதும் சரியாகிவிட்டது. மெனுக்களையும் ஓரளவு தமிழில் பார்க்கலாம். 2000-ம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் மொழிபெயர்த்த உழைப்பு அது. 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழில் லினக்ஸைத் தமிழிலேயே படிக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு லினக்ஸ் புதுசும் இல்லை. 2007-ஐ ஒட்டி எல்காட் நிறுவனம் தன் ஆபீஸையே சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சென்னை சி-டாக் தயாரித்த 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வந்தது. 2011-ல் ஆரம்பித்த அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸும் பாஸும் சேர்ந்தே இருந்தன. எத்தனை பையன்கள் பாஸ் பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்பது அவரவர் மனசாட்சிக்கே வெளிச்சம். அதே சமயம் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால், கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் வருஷக் கணக்காக லினக்ஸில்தான் பாடம் படிக்கிறார்கள். வித்தியாசம் மென்பொருளில் இல்லை. அங்கே வாத்தியார்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் பேக்கிங் அக்கா விஷயமும் அதேதான்.

முடிவில் எங்கள் கணக்கு இது: பழைய மூன்றில் இரண்டு முழு மின்ட். ஒன்று பாதிப் பாதி. டேலியும் ஸ்டிக்கரும் விண்டோஸ் 11 இருக்கிற நாலாவது மெஷினில். வாங்கியது புதுசாக ஒரே ஒரு பென் டிரைவ். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

உங்கள் ஆபீஸில் முயற்சி பண்ணுவதானால், முதலில் ஒரு பேப்பரை எடுத்து தினமும் திறக்கிற புரோகிராம்களை வரிசையாக எழுதுங்கள். பிரவுசரில் நடப்பது எது, விண்டோஸ் இல்லாமல் நடக்காதது எது என்று டிக் அடியுங்கள். ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள். இன்ஸ்டால் பண்ணுவது அதற்கப்புறம்தான். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: 'எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடவும்' என்று வரும் மோசடி மெயிலை விண்டோஸும் தடுக்காது, லினக்ஸும் தடுக்காது. அதற்கு போன் போட்டுக் கேட்பது ஒன்றே மருந்து.

போன வாரம் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, வீட்ல பையன் கம்ப்யூட்டரும் மெதுவா ஓடுது. அந்தப் பொதினாவை அதுலயும் போட்டு உடுங்க."

"சரிங்கண்ணா."

"அப்பறம்... நெஜமான ஜாரா ஆர்டர் எப்பத் தம்பி வரும்?"

அதை எந்த வெப்சைட்டிலிருந்து டவுன்லோடு பண்ணுவது என்றுதான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்!