உங்களுக்குத் தெரியுமா? சின்னக் கல்லூரி தந்த பெரிய உத்தி

பந்தை அணைத்துக்கொண்டு முட்டி மோதி முன்னேறுவதுதான் அமெரிக்கக் கால்பந்தில் நெடுங்காலப் பழக்கம். அதை மாற்றிப்போட்ட ‘ஏர் ரெய்டு’ என்ற, பந்தை எறிந்து ஆடும் உத்தி உருவானது, அயோவா மாநிலச் சிற்றூரான மவுண்ட் பிளெசன்ட்டில் இருந்த அயோவா வெஸ்லியன் என்னும் சிறிய கல்லூரியில். 1989இல் அங்கே பயிற்சியாளரானவர் ஹால் மம்மி. துணைக்கு மைக் லீச். பிரிகாம் யங் பல்கலைக்கழக அணியின் ஆட்டத்தை ஊன்றிக் கவனித்துப் பாடம் படித்தார்கள்.

இவர்களின் செல்ல ஆட்டம் ‘மெஷ்’. இரு ஓரங்களிலிருந்தும் இரண்டு பேர் எதிரெதிராக ஓடிவந்து, கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் நெருக்கத்தில் கடப்பார்கள். துரத்திவரும் தடுப்பாட்டக்காரர்கள் ஒருவரையொருவர் இடறித் தடுமாற, ஓடியவரில் ஒருவர் தனியே கிடைப்பார். உடனே பந்து அவர் கைக்குப் போய்விடும். இத்தகைய சில ஆட்டங்களையே சலிக்காமல் திரும்பத் திரும்பப் பழக்கினார்கள். அந்தப் பிடிவாதம்தான் வியக்க வைக்கிறது!

லீச் பின்னர் டெக்சஸ் டெக் அணிக்குப் போனார். அவரிடம் ஆடிய கிளிஃப் கிங்ஸ்பரிதான் அதே அணியில், பின்னாளில் நட்சத்திர வீரரான பேட்ரிக் மஹோம்ஸுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். அயோவா வெஸ்லியன் 2023இல் மூடப்பட்டுவிட்டது. மெஷ் இன்றும் ஆடப்படுகிறது. அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, குறுக்கே ஓடும் அந்த இருவரைக் கவனியுங்கள்.